பாமினியின் மறைவு

பாமினி எழுத்துரு இன்ன நாளில் மறைந்தது என்று எவராலும் குறித்துச் சொல்ல முடியாது. வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டியிருந்த டைப்செட்டிங் கடையொன்று கைத்தொலைபேசி திருத்தும் கடையாக மாறியது, கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கத்து அச்சகமொன்று தன் பழைய கொம்பியூட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தது, வேலைக்கு வரும் பிள்ளையிடம் “பாமினி தெரியுமா?” என்று கேட்கும் வழக்கம் நின்றது. இப்படிச் சிறுகச் சிறுகத்தான் அதன் மூச்சு அடங்கியது. ஏதோவோர் அச்சகத்தின் பின்னறையில் அது இன்னமும் ஒரு கணினிக்குள் கிடக்கலாம், ஆனால் தேடி வருவார் இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய கொழும்புத் தமிழர் எவருடைய வீட்டிலும் ஏதாவதொரு நல்லதோ கெட்டதோ அந்த எழுத்தில் அச்சாகியிருக்கும் என்பதால் இந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. சேர்ந்திருந்து நினைத்துப் பார்ப்பது ஒன்றே மீதமிருக்கிறது.

அது வருவதற்கு முன்பிருந்த காலத்தை முதலில் சொல்ல வேண்டும். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் கொழும்பில் பிறந்தபோது, அச்சுத்தமிழ் என்பது ஈயத்தில் வார்த்த எழுத்துகளாக மரத்தட்டுகளின் சின்னஞ்சிறு அறைகளில் கிடந்தது. அச்சுக்கோப்பாளர் நின்றபடியே, கண்ணைக் கையெழுத்துப் பிரதியிலும் விரலை அறைகளிலும் ஓட்டி, எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோத்து, பிழை திருத்திக் கொடுத்து, அச்சடித்து முடிந்ததும் ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறைக்கே திருப்பிப் போட்டார். 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை அப்படிக் கோத்த எழுத்திலேயே பல்லாண்டு காலம் வெளிவந்தது. அந்த உழைப்பின் பெருமை பெரிது, அதன் எல்லையும் கடுமையானது. அச்சகத்தில் எத்தனை அளவு எழுத்து இருக்கிறதோ அத்தனை அளவிலேதான் தலைப்பு வைக்கலாம். ஒரு பக்கத்தில் ‘ழு’ தீர்ந்துபோனால் அடுத்த பக்கம் காத்திருக்கும். கலியாண அழைப்பிதழில் மணமக்களின் பெயரைச் சற்றே வளைத்துப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு தகப்பன் ஆசைப்பட்டால், ஓவியரிடம் போய் எழுதுவித்து, பிளொக் செய்விக்க வேண்டும். அதற்குரிய காசும் நாளும் எல்லோரிடமும் இருக்கவில்லை.

தட்டச்சுப் பொறி இன்னொரு பக்கத்தில் தன் பணியைச் செய்துகொண்டிருந்தது. சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து கடல் கடந்து போன ஆர். முத்தையா தமிழுக்கென வகுத்த பொறி ஜேர்மனியில் செய்யப்பட்டு வந்தது. அதிலும் அதன்பின் வந்த பொறிகளிலும் பழகிய எழுதுவினைஞர்கள் கந்தோர்களிலும் நீதிமன்றங்களிலும் சங்கங்களிலும் தமிழைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ய, ள, ன, க, ப என்று இடக்கை விரல்கள் கண்ணைக் கேளாமல் நடுவரிசையில் ஓடிய ஒரு தலைமுறை அது. பின்னர் வந்த பாமினி அந்த விரல்களைப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. அவை ஏற்கெனவே அறிந்திருந்த இடங்களிலேயே எழுத்துகளை வைத்தது. வந்தவுடன் அது வீட்டுப் பிள்ளையாகிவிட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

வெளியுலகில் இதற்கான நிலம் முன்பே பண்பட்டிருந்தது. கணினி மனிதனின் சிந்தனைத் திறனைப் பெருக்கும் துணையாக வேண்டும் என்று டக்ளஸ் ஏங்கல்பார்ட் 1962இல் எழுதினார். அடுத்த ஆண்டு ஐவன் சதர்லாந்து, ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரைந்து திருத்தும் ஸ்கெச்பேட்டைச் செய்து காட்டினார். அந்த எண்ணம் அச்சுத்தொழிலுக்கு வந்து சேர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பத்திரிகைத் தொழிலோடு பழகி வந்த பால் பிரெய்னெர்ட், பழைய வெனிஸ் நகரத்து அச்சாளர் ஒருவரின் பெயரால் தொடங்கிய ஆல்டஸ் நிறுவனம் 1985இல் பேஜ்மேக்கரை வெளியிட்டது. பக்கத்தைத் திரையிலேயே அடுக்கலாம், பத்தியை இழுத்து நகர்த்தலாம், தலைப்பைப் பெரிதாக்கிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் சிறிதாக்கலாம். இதற்கெல்லாம் ஈயமும் வேண்டாம், பிளொக்கும் வேண்டாம். அக்காலத்திலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் தமிழைக் கணினிக்குள் அழைத்துவரப் பலர் தனித்தனியே பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். கனடாவில் சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிற்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை என்று ஒவ்வொன்றும் ஒரு மூலையில் முளைத்தது. கொழும்பின் அச்சகங்களில் நிலைத்தது பாமினி. தொண்ணூறுகளில் பிளொப்பித் தட்டுகளில் கை மாறிக் கை மாறி வந்த அந்தச் சின்னக் கோப்பு, கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு, டாம் வீதி, வெள்ளவத்தை என்று தமிழ் அச்சாகும் இடமெல்லாம் போய் உட்கார்ந்தது.

அதன் உள்வேலை எளிமையானது, அந்த எளிமையில் ஓர் அழகு இருந்தது. கணினிக்கு அப்போது தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளை மட்டுமே அது அறியும். பாமினி அந்த ஆங்கில எழுத்துகளின் முகங்களை மாற்றி வைத்தது. ஜே என்ற விசையில் த, கே என்பதில் ம, பி என்பதில் விசிறி, ஓ என்பதில் ழ, அரைப்புள்ளியில் குற்று. இந்த ஐந்தையும் வரிசையாகத் தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று நிற்கும். கணினியின் நினைவிலோ நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் கிடக்கும். விசைகள் போதாத இடத்தில் குறிகளும் வேலைக்கு அழைக்கப்பட்டன. டொலர்க் குறியில் ‘கூ’, சதவீதக் குறியில் ‘மூ’, ‘அன்ட்’ குறியில் ‘ரூ’. காற்புள்ளியின் விசையை ‘இ’ எடுத்துக்கொண்டதால் காற்புள்ளி வேறோரிடம் போய்க் குடியிருந்தது. கையால் எழுதும்போது எந்த வரிசையில் எழுதுவோமோ அந்த வரிசையிலேயே தட்ட வேண்டும்: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, அடுத்து க, பிறகு அரவு. சிலேட்டில் எழுதிப் பழகிய கைக்கு அது இயல்பாக வந்தது. ‘ர்’ என்ற எழுத்து வடிவத்தில் அரவும் குற்றும் சேர்ந்ததுபோலவே இருப்பதால் அதை அப்படியே அரவும் குற்றுமாகத் தட்டினார்கள். ‘அவர்’ என்ற சொல்லின் கடைசியில் உண்மையில் ரகரமே இல்லை. பார்க்கும் கண்ணுக்கு இருந்தது, அது போதுமாயிருந்தது.

இந்த ஏற்பாட்டில் கணினி ஓர் எழுத்தைக்கூடப் புரிந்துகொள்ளவில்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். எது சொல், எது பிழை, எங்கே வரியை முறிக்கலாம், எந்தக் கொம்பு எந்த எழுத்தோடு சேர வேண்டும் என்பதெல்லாம் விசைப்பலகைக்கு முன்னால் இருந்தவரின் தலைக்குள் இருந்தன. பேஜ்மேக்கரின் கண்ணுக்கு அது பொருளற்ற ஆங்கிலம். ஒபரேட்டரின் கண்ணுக்கு மட்டும் அது தமிழ்.

அந்த ஒபரேட்டர்களைச் சொல்லாமல் பாமினியைச் சொல்ல முடியாது. சாதாரண தரமோ உயர்தரமோ முடித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமலோ போக முடியாமலோ நின்று, ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் சில மாதம் பழகிவிட்டு வந்தவர்கள். பலர் பெண்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கிய குடும்பங்களுக்கு, ஒழுங்கை முனையில் இருந்த அந்தக் கடைகள் முதற் சம்பளத்தைக் கொடுத்தன. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு லேசர் பிரின்டர், சுவரில் மாதிரி அழைப்பிதழ்கள், பக்கத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை. வடிவமைப்பாளர் என்ற பெயரை அவர்களுக்கு எவரும் கொடுக்கவில்லை. ஆனாலும் பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழின் ஓரத்தில் எந்தப் பூங்கொடி போக வேண்டும், பிள்ளையார் சுழிக்கும் முதல் வரிக்கும் இடையில் எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், பெயர் எந்த அளவில் இருந்தால் தாய்க்கு மனம் நிறையும் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள்தான். பாமினியின் தட்டு முறையிலேயே வேறு அலங்கார எழுத்துருக்களும் வந்து சேர்ந்தபின், ஒரே கையால் பத்து விதமாகத் தமிழை உடுத்திப் பார்க்க முடிந்தது. ஈயக் காலத்தில் முதலாளிக்கும் ஓவியருக்கும் மட்டுமே இருந்த அந்தச் சுதந்திரம் மாதச் சம்பளக்காரப் பிள்ளையின் விரலுக்கு வந்தது. கணினியைப் படைப்பின் துணையாகக் கனவு கண்ட பெரியவர்கள் இந்தக் கடைகளைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பக்கத்துக் கதிரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் அதில் இருந்தபடியே திரையைப் பார்த்து, “அந்த ‘திருவளர்ச்செல்வி’யைக் கொஞ்சம் மேலே ஏத்துங்கோ பிள்ளை” என்பார், ஏற்றிப் பார்த்துவிட்டு, “இல்லை, முந்தி இருந்ததுதான் வடிவு” என்பார். பெரியப்பாவின் பெயர் சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் வர வேண்டும் என்பது அந்தக் கதிரையில்தான் தீரும். இனிஷலில் ஒரு புள்ளி தவறினால் சண்டை வரும் குடும்பங்களை அந்தப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள். எழுதுபவரும் எழுதுவிப்பவரும் ஒரே திரையை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு ஒன்றை ஆக்கியது, தமிழ் அச்சின் வரலாற்றில் அதற்கு முன்பு நடவாத காரியம்.

இலக்கியமும் அதனால் வாழ்ந்தது. மல்லிகை கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்தபின் கணினி எழுத்துக்கு மாறியது. 2000 ஜூனில் தொடங்கிய ஞானம் பின்னாளில் வெள்ளவத்தை 46ஆம் ஒழுங்கையிலிருந்து மாதந்தோறும் வந்தது. 1942இல் பிறந்த கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் 57ஆம் ஒழுங்கை மண்டபத்தில் வாரக் கடைசிகளில் நடந்த நூல் வெளியீடுகளில், ஆசிரியரே காசு போட்டு ஐந்நூறு பிரதி அடித்துக் கொண்டுவந்த கவிதைத் தொகுப்புகளைக் கண்டவர்களுக்கு, டைப்செட்டிங்கின் கூலி குறைந்ததால் எத்தனை பேர் நூலாசிரியர் ஆனார்கள் என்பது தெரியும். அவற்றில் எல்லாமே சிறந்த நூல்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓர் ஆசிரியை தன் ஓய்வூதியப் பணத்தில் ஒரு சிறுகதைத் தொகுதி போட முடிந்த காலம் அது, போரின் நடுவே. அதைச் சிறிய காரியமாக நினைக்க என்னால் முடியவில்லை.

எல்லாவற்றிலும் பாமினி தன் முழு மனதோடு செய்த வேலை என்று எனக்குத் தோன்றுவது கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, இறந்தவரின் படத்தை அட்டையில் வைத்து, தேவாரமும் திருவாசகமும் சேர்த்து, வாழ்க்கை வரலாற்றையும் குடும்பத்தாரின் புலம்பலையும் நண்பர்களின் நினைவுரைகளையும் அச்சிட்டு வழங்கும் அந்தச் சிறு நூல் நம்முடையவர்களின் தனித்த மரபு. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் தாளும் அரிதாயிருந்த ஆண்டுகளில், ஊரில் இறந்தவர்களுக்கும் வெளிநாட்டில் இறந்தவர்களுக்கும் கொழும்பில் கல்வெட்டு அச்சாகியது. செய்தியை ரொறன்ரோவிலிருந்து ஒரு மகள் பக்ஸில் அனுப்புவாள். லண்டன் மகன் தொலைபேசியில் பெயர்ப் பட்டியலைத் திருத்துவான். கொழும்பு மருமகன் கதிரையில் வந்திருப்பான். ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். துக்கம் நிறைந்த நான்கு கையெழுத்துகளைப் பிரித்தறிந்து, எந்தக் கண்ணீர்க் கவிதை எந்தப் பேரப்பிள்ளையுடையது என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பிள்ளை தட்டிக் கொடுத்தாள்.

அதிலும் கடைசிப் பக்கத்து வம்சாவளி. பூட்டன், பூட்டியில் தொடங்கி, பிள்ளைகள், மருமக்கள், பேரர், பூட்டப்பிள்ளைகள் என்று கிளை விரிந்து, ஒருவர் ஒஸ்லோவிலும் ஒருவர் மெல்பேணிலுமாக முடியும் அந்த மரத்தை, பேஜ்மேக்கரில் கோடு கோடாக இழுத்துப் பெட்டி பெட்டியாக அடுக்க வேண்டும். இடையில் ஒரு மருமகளின் பெயர் விட்டுப்போனது கடைசி நேரத்தில் தெரியவந்தால் மரம் முழுவதையும் பெயர்த்து மறுபடி நட வேண்டும். அதற்கென எந்த மென்பொருளும் அவர்களிடம் இருக்கவில்லை. கண்ணும் பொறுமையும் சுட்டியும்தான் இருந்தன. எங்கள் வீட்டுக் கல்வெட்டின் மரத்தையும் அப்படித்தான் ஒரு பிள்ளை இரவு எட்டு மணி தாண்டியும் இருந்து வரைந்து கொடுத்தாள். மின்சாரம் போய்ப் போய் வந்த நாள் அது, ஒவ்வொரு கிளை முடிந்ததும் அவள் சேமித்துக்கொண்டே இருந்தாள். அந்த மரத்தில் இருக்கும் பெயர்களில் பலவற்றை இன்று சொல்லித்தர எங்கள் குடும்பத்தில் ஆளில்லை.

நாளேட்டின் மரண அறிவித்தல்களும் அப்படியே. ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் இன்னோர் ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, மகனும் மகளும் கணவரும் மாமனாருமாக உறவுகளை அடுக்கி, ஏற்றுக்கொள்ளும்படி உற்றார் உறவினரைக் கேட்டு முடியும் அந்த ஒற்றை நீண்ட வாக்கியத்தை எத்தனை ஆயிரம் முறை அந்த எழுத்து தாங்கியிருக்கும்!

குறைகளும் இருந்தன, பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது குறைகளையும் அன்போடு சொல்வதே மரியாதை. நடுவில் ஆங்கிலச் சொல் வரும்போது எழுத்துருவை மாற்ற மறந்தால் ‘ஈமெயில்’ என்பதற்குரிய ஆங்கில எழுத்துகள் ‘நஅயடை’ என்று அச்சாகும். இணைய முகவரியின் தொடக்கம் ‘றறற’ என்று நிற்கும். அப்படி அச்சான கடிதத்தலைப்புகளையும் முகவரி அட்டைகளையும் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம், காணும்போது ஒன்றும் சொல்லாமல் புரிந்துகொண்டும் இருக்கிறோம். மைக்ரோசொஃப்ட் வேர்டில் தட்டினால், வாக்கியத்தின் முதல் எழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கும்; பாமினியில் பெரிய எழுத்து என்பது உகரம் என்பதால் ‘தமிழ்’ என்று தொடங்கியது ‘துமிழ்’ ஆகிவிடும். எல்லாச் சொல்லுக்கும் அடியில் சிவப்பு நெளிகோடு ஓடும். மின்னஞ்சலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாய்ச் சிதறும். செய்தித் தளங்களின் வாசலில் எழுத்துருவைத் தரவிறக்கும்படி கேட்டு ஓர் இணைப்பு இருந்த காலம் அது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அதில் எழுதியதைத் தேட முடியாது என்பது. கணினிக்கு அது தமிழே அல்லாதபோது, தமிழ்ச் சொல்லைத் தேடச் சொல்லி அதைக் கேட்பது எப்படி? பக்கத்து அடைவில் இருந்த சிங்களத்து எப்.எம். அபய எழுத்துருவுக்கும் இதே கதிதான். மும்மொழிக் கடிதத்தலைப்பு ஒன்றை அடிக்கும்போது இரண்டும் அருகருகே அமர்ந்து, ஒரே விதமாகக் கணினியை ஏமாற்றிக்கொண்டிருந்தன.

முடிவு தொலைவிலிருந்தே நடந்து வந்தது. பாமினி கொழும்பில் வேரூன்றும் முன்பே, 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பில் தமிழுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்கே உரிய எண் உண்டு. எந்த முகம் அணிந்தாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும். பல ஆண்டுகள் அது வெறும் தாளில் இருந்த ஏற்பாடு. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபோது அது மேசைக்கு இறங்கியது. எ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்கள் அதைச் சாதாரணர் கைக்குக் கொண்டுவந்தன. சுரதா யாழ்வாணன் ஆக்கி அளித்த மாற்றி, பாமினியில் இருந்ததை ஒட்டினால் ஒருங்குறியாகத் திருப்பிக் கொடுத்தது. எத்தனையோ பழைய கட்டுரைகள் அந்த வாசல் வழியாகத்தான் இணையத்துக்குள் போயின. 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரநிர்ணயம் இலங்கையில் தமிழுக்கு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. வலைத்தளங்களும் அரசுத் திணைக்களங்களும் ஒவ்வொன்றாக மாறின.

அச்சகங்கள் மட்டும் உடனே மாறவில்லை. அதற்குக் காரணம் பிடிவாதம் என்று வெளியே இருந்தவர்கள் நினைத்தார்கள், தடையோ மென்பொருளில் இருந்தது. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7தான் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு. அதற்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனும் 2012இல் சி.எஸ். 6 வரும்வரை தமிழை ஒழுங்காகக் கோக்கவில்லை: கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறடித்தது. இணையத்தில் காலமாகிவிட்ட பாமினியை அச்சகத்தார் இன்னும் பத்து ஆண்டுகளுக்குமேல் வைத்துப் பார்த்தது, வேறு எதுவும் அந்த வேலையைச் செய்யாததால். பிறகு 2014 ஏப்ரலில் மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியைக் கைவிட்டது. 2020இல் ஊரடங்கு வந்தது. மண்டபங்கள் மூடின, அழைப்பிதழ் கைத்தொலைபேசிப் படமாகியது, மரண அறிவித்தல் வட்ஸ்அப்பில் போனது. 2022இல் நாட்டின் பணம் தீர்ந்தபோது தாளும் தீர்ந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளையே தாளில்லாமல் ஒத்திவைத்தார்கள். நாளிதழ்கள் சில தங்கள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. சிறிய அச்சகங்கள் தாங்கவில்லை. கதவை இழுத்து மூடியவர்களில் பலர் மறுபடி திறக்கவில்லை.

ஒருங்குறி வந்தது நல்லது, வந்தே ஆக வேண்டியிருந்தது. பாமினியை நேசித்தவர்கள்கூட இதை மறுக்கமாட்டார்கள். தேட முடியாத மொழியாகத் தமிழ் இருந்திருக்க முடியாது. இருந்தும், இப்போது கைத்தொலைபேசியில் மணமக்களின் பெயரை இட்டவுடன் வடிவங்கள் வரிசையாய் வந்து நிற்பதையும், இறந்தவரைப் பற்றி இரண்டு குறிப்புச் சொன்னால் இயந்திரமே இரங்கலுரையை எழுதி நீட்டுவதையும் பார்க்கும்போது, அந்தப் பக்கத்துக் கதிரை என் மனதை விட்டுப் போவதில்லை. பாமினி ஒன்றும் அறியாத துணை. அறியாததால் அது எதையும் முன்மொழியவில்லை, எதையும் தானே முடிக்கவில்லை. சந்தி எங்கே மிகும், பெயருக்கு முன் ‘அமரர்’ வர வேண்டுமா, இந்தக் குடும்பம் எந்த நிறத்தைத் தாங்கும் என்ற அறிவு முழுவதும் மனிதரிடமே விடப்பட்டது. விடப்பட்டதால் அது வளர்ந்தது. பத்து ஆண்டு பாமினியில் தட்டிய ஓர் ஒபரேட்டர், ஆசிரியர் எழுதிய பிழையைத் தட்டும்போதே திருத்திவிடுவார். தமிழ்ப் பட்டம் பெறாத எத்தனையோ நல்ல தமிழறிவாளர்களை அந்தக் கடைகள் உருவாக்கின. படைப்புக்குத் துணையாகும் கருவி எவ்வளவு அறிந்திருக்க வேண்டும் என்று இன்று உலகமே கேட்டுக்கொண்டிருக்கும்போது, மிகக் குறைவாக அறிந்திருந்த ஒன்று நம்மிடையே எவ்வளவு செய்தது என்பதை நாம் சொல்லிவைக்க வேண்டும். என்னைக் கேட்டால், அவ்வளவு நல்ல துணை நம் அச்சுக்கு அதன்பின் வாய்க்கவில்லை.

அதன் வாரிசுகள் இருக்கிறார்கள். எழுத்துரு போனாலும் அதன் விசை வரிசை போகவில்லை. எஸ்.எல்.எஸ். 1326 ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகை, அந்தத் தட்டச்சு விரல்கள் அறிந்த உறவுதான். என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள், பாமினி வரிசையிலேயே தட்டி ஒருங்குறியில் எழுத இடம் கொடுத்தன. அதனால் பழைய ஒபரேட்டர்களில் தொழிலில் தங்கியவர்கள் இன்றும் அதே வேகத்தில் தட்டுகிறார்கள். கொம்பை முதலில் தட்டும் பழக்கம் மட்டும் சிலருக்கு விரலைவிட்டுப் போகவில்லை. பலர் கனடாவிலும் பிரித்தானியாவிலும் வேறு வேலைகளில் இருக்கிறார்கள். சிலர் கொழும்பிலேயே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

செய்ய வேண்டிய கிரியை ஒன்று பாக்கி இருக்கிறது. 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் நம் இதழ்களையும் நினைவு மலர்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் சேர்த்துவருகிறார்கள். அச்சானவற்றுக்கு அந்த வழி உண்டு. அச்சானதற்கு மூலமான கோப்புகள் வேறு. அவை அச்சக முதலாளிகளின் அலுமாரிகளில், பழைய சீடிகளிலும் பிளொப்பிகளிலும், பேஜ்மேக்கரில் அடுக்கிய பாமினியாகக் கிடக்கின்றன. இன்டிசைன் சி.எஸ். 6க்குப் பின்வந்த பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதில்லை. பழைய கணினி ஒன்றில் திறந்து, எழுத்தை எடுத்து, மாற்றியில் இட்டால் பெரும்பகுதி ஒருங்குறியாகிவிடும். ஆனால் அரவாகத் தட்டிய ரகரங்களும் இடம் மாறிய கொம்புகளும் ஆங்கிலத்தின் நடுவே ஒட்டிக்கொண்ட தமிழும் அங்கங்கே தவறி நிற்கும். வம்சாவளிப் பெட்டிகளில் இருக்கும் பெயர்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்க, பாமினியில் தட்டிய கண்ணே வேண்டும். அந்தக் கண்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. எங்கள் வீட்டுச் சீடியையும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.